பனியை வாரிக் கொட்டிய ஞாயிற்றுக்கிழமை

சமையலறைச் சன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றியபடி ஃபிட்டர் அண்ணன் நின்றிருந்த ஒரு காலை நேரம் இன்றும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. நான் அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு வந்து சன்னலோரம் நின்றுவிட்டார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தோட்டம். முந்தின நாள் மாலைவரை அங்கே டேலியாக்கள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூத்து நின்றன. விடிந்து பார்த்தால், இராக்குளிர் தாக்கி அத்தனையும் வெந்த கீரையைப் போலக் கறுத்துத் துவண்டு கிடந்தன. அந்த வீட்டு அம்மாள் அதற்காக வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. ரப்பர் காலணி அணிந்து, தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, ஒவ்வொரு தூரையும் நெம்பி எடுத்தார். சேப்பங்கிழங்கு போலக் கொத்துக் கொத்தாக வந்த கிழங்குகளின் மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாத்துக்கு சார், செத்த செடிய இவ்ளோ பதனமா எடுத்து வெக்குது அந்தம்மா?” என்றார் அண்ணன், நுரை வழியாமல் அண்ணாந்துகொண்டு.

எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதைப் பார்க்க நானும் சன்னலுக்குப் போனேன். ரவை கருகிவிட்டது.

நாங்கள் இருவரும் அப்போது சுவீடன் நாட்டின் வடபகுதியில் ஒரு சிற்றூரில் இருந்தோம். கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில், ஆலைகளுக்கான வடிகட்டித் துணி நெய்யும் ஒரு நிறுவனத்தில் எங்களுக்கு வேலை. அதன் தாய் நிறுவனம் அந்த வடக்கத்திய ஊரில் இருந்த தன் பழைய ஆலையை மூட முடிவு செய்திருந்தது. அங்கிருந்த இரண்டு அகலத் தறிகளைப் பிரித்து, எண்ணிட்டு, பெட்டிகளில் அடைத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். தறியை ஓட்டத் தெரிந்தவர்களிடம் அதன் சூட்சுமங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றி மாட்ட ஃபிட்டர் அண்ணன், குறித்துக்கொள்ள நான். ஆகஸ்டு கடைசியில் போனோம், மே மாதம் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது, எனக்கு முப்பத்தொன்று. அவருடைய அப்பா பொன்னேரிப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அண்ணன் ஐ.டி.ஐ. படித்துத் தொழிற்பேட்டைக்கு வந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆரணியாற்றங்கரையில் முப்பது சென்ட் வாங்கி, கனகாம்பரமும் மல்லியும் போட்டிருந்தார். ஷிப்டுக்கு வருமுன் இரண்டு மணி நேரம் செடியோடு இருந்துவிட்டு வருகிற ஆள். நான் திருவள்ளூர்க்காரன். பெருமாள் கோயிலில் புஷ்ப கைங்கரியம் செய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் பூ என்றால் ஈரத்துணி மூடிய கூடையில் வருவது, தொடுத்து அனுப்ப வேண்டியது. அது கிளம்பிய செடியைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணன் இதைக் கேட்டு மிகவும் ஆச்சரியப்பட்டார். “பொறந்ததிலேர்ந்து பூவுலயே பொரண்டுகினு இருந்துட்டு, ஒரு செடிகூட வெச்சதில்லையா நீங்க?” என்று இரண்டு நாட்களாவது கேட்டிருப்பார்.

பக்கத்து வீட்டு அம்மாள் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தார் என்பது போன இரண்டாம் நாளே தெரிந்துபோனது. நாங்கள் பிரிக்க வந்திருந்த இரண்டாவது தறியை இருபத்தாறு வருடங்களாக ஓட்டுபவர் அவர்தான். அண்ணன் அவருக்குத் தறி அம்மா என்று பெயர் வைத்தார். நெடுநெடுவென்ற உயரம், கத்தரித்த நரைத்த முடி, கணவர் இல்லை, ஒரே மகன் தொலைவில் எங்கோ இருந்தான். ஆலையில் நாங்கள் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் அளந்து பதில் சொல்வார். வீட்டு வாசலில் பார்த்தால் தலையசைப்புக்கூட இருக்காது. அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? அவருடைய சோற்றைக் கழற்றிப் பெட்டியில் போட வந்தவர்கள், வேலியைத் தாண்டிக் காலை வணக்கம் சொன்னால் யாருக்குத்தான் இனிக்கும்?

இதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணனுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவருடைய ஆர்வம் அந்தச் சங்கடத்தைவிடப் பெரியது. ஒரு செடியைப் பார்த்தால் அது என்ன, எப்போது வைப்பது, எத்தனை நாளில் பூக்கும், யார் வாங்குவார்கள் என்று தெரிந்தாக வேண்டும். கிழங்கு விவகாரம் அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒருநாள் தேநீர் இடைவேளையில், என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, கைகளால் மண்ணைத் தோண்டுவதுபோல அபிநயம் பிடித்து, “மேடம், வொய்?” என்று கேட்டேவிட்டார்.

தறி அம்மா அவரைச் சிறிது நேரம் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று சந்தேகப்பட்டிருக்கலாம். பிறகு என் பக்கம் திரும்பி, மண் உறைந்துவிடும், உறைந்த மண்ணில் டேலியாக் கிழங்கு வெடித்து அழுகிவிடும், அதனால் நிலவறையில் மணலுக்குள் தூங்கவைத்து, மே மாதம் எழுப்புவேன் என்றார். தூங்கவைத்து, எழுப்புவேன் என்ற அந்தச் சொற்களைத்தான் பயன்படுத்தினார். நான் மொழிபெயர்த்ததும் அண்ணன் வாயைப் பிளந்தார். “எட்டு மாசம் தூங்குமா? அப்ப பூக்கறதே மூணு மாசமா? இதுக்கா இவ்ளோ பாடு?” அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவர் முகமே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். தறி அம்மா முதல்முறையாக லேசாகச் சிரித்தார்.

அதன் பிறகு அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்க அனுமதி கிடைத்ததுபோல ஆயிற்று. மேப்பிள் இலைகளை ஏன் வாரி எறியாமல் பாத்தி மேல் பரப்புகிறார். பூண்டுப் பற்களைப் போன்ற இத்தனை துலிப் கிழங்குகளை ஏன், எல்லாம் சாகிற காலத்தில் போய், குளிர் மண்ணுக்குள் புதைக்கிறார். குளிர் படாவிட்டால் துலிப் பூக்காது என்று தெரிந்த அன்று அண்ணன் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். ஒரு கிழங்குக்கு மண் உறையும் குளிர் எமன், இன்னொரு கிழங்குக்கு அதே குளிர்தான் மருந்து. அதை ஊருக்குப் போன் போட்டுத் தன் மனைவியிடம் அரைமணி நேரம் விளக்கினார்.

தோட்டத்தின் தென்சுவரை ஒட்டி ஒரு ரோஜாப் புதர் இருந்தது. அக்டோபர் கடைசியில் தறி அம்மா அதன் கொம்புகளை வளைத்துக் கட்டி, தூரில் முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்து, அதன் மேல் ஊசியிலை மரக் கிளைகளைக் கூரை வேய்வதுபோலப் போட்டு மூடினார். அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது தறி அம்மாவின் அம்மா நாட்டின் தென்கோடியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த செடியாம். வெளிர்மஞ்சள் பூ. பெயர் தெரியாது. இந்தக் குளிருக்குத் தாங்காத சாதி, பக்கத்தில் யாரிடமும் இல்லை. வருடத்துக்கு ஒரேமுறை, ஜூன் கடைசியில் மூன்று வாரம் பூக்கும். “எங்க ஊட்டாண்ட ரோஜா வருஷம் பூரா பூக்குது. மூணு வாரத்துக்காக ஒரு கொயந்தைக்குப் பண்றாப்ல பண்ணுதுப்பா இந்தம்மா” என்றார் அண்ணன். அவர் குரலில் கிண்டல் இல்லை.

பிறகு பனி வந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கே இருட்டும். முதல் பனியன்று அண்ணன் சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து நாக்கில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அது பழகிவிட்டது. ஆலையிலிருந்து வந்தால் வீட்டுக்குள்தான் அடைந்து கிடக்க வேண்டும். எனக்குச் சைவம், அவருக்கு மீன் இல்லாமல் ஆகாது. முதல் மாதம் பாத்திரங்களைப் பிரித்து வைத்துச் சமைத்தோம். சன்னல் திறக்க முடியாத வீட்டில் வாசனையைப் பிரிக்க முடியாது என்று டிசம்பருக்குள் எனக்குப் புரிந்தது. என் ரசத்தை அவர் பாராட்டத் தொடங்கினார், அவர் மீன் பொரிக்கும்போது நான் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினேன். எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நாளில், ‘சார்’ போய் ‘நைனா’ ஆகியிருந்தேன். எங்கள் பக்கம் ஆந்திர எல்லையோரத்தில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜனவரி மாதம் தறி அம்மா தன் வீட்டுப் படியில் உறைந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, இடுப்பிலும் அடி. ஆம்புலன்ஸ் வந்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. பத்து நாட்கள் ஆகும் என்றார்கள். முதல் நாலைந்து நாட்கள் விடாமல் பனி கொட்டித் தீர்த்தது. அண்ணன் தினமும் எங்கள் வாசலோடு அவர் வாசலையும் வழித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

அண்ணன் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் தனியாக உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்பது அவர் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலிப்பக்கம் பார்த்தவர், ரோஜா இருந்த இடம் இடுப்புயரப் பனிக்குள் மூழ்கிக் கிடப்பதைக் கண்டார். அவர் மனம் உடனே ஆரணியாற்றுக்குப் போனது. “நைனா, ஆத்துல வெள்ளம் வந்துச்சின்னா செடி மேல வண்டல் ஏறிடும். தண்ணி வடிஞ்ச அன்னிக்கே வழிச்சி எடுக்கணும். ரெண்டு நாள் உட்டா தூரு அழுகிப்பூடும். பாவம், அந்தம்மா ஆஸ்பத்திரில கீது. நாம தள்ளி உட்டுட்டு வரலாம் வா.”

நான் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கையில் கைபேசி இருந்தது, ஆங்கிலம் இருந்தது, எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் அரை நிமிடம் போதும். கேட்கவில்லை. செடி விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. நல்ல காரியம் என்ற உற்சாகமும் சேர்ந்துகொண்டது. ஆளுக்கொரு மண்வாரியை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு மணி நேரம் பனியை வாரி வாரிச் சாலைப்பக்கம் கொட்டினோம். அடியில் ஊசியிலைக் கிளைகள் வந்தன. ஈரமும் பாரமுமாகச் செடியை அமுக்கிக்கொண்டிருப்பதாக நினைத்து அவற்றையும் உருவிப் போட்டோம். அணைத்திருந்த மண்ணில்கூடக் கொஞ்சம் தள்ளி, கழுத்தை விடுவித்தார் அண்ணன். கட்டு அவிழ்ந்ததும் கொம்புகள் மெல்ல நிமிர்ந்தன. “பாரு, மூச்சு உடுது” என்றார். வியர்வையில் எங்கள் முதுகிலிருந்து ஆவி கிளம்பியது. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அந்த ஊரில் வேறெந்த நாளும் இருந்ததில்லை.

மறுநாள் வானம் தெளிந்தது. வானம் தெளிந்தால் அங்கே குளிர் இறங்கும். சைபருக்குக் கீழே இருபது, இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று போய் ஐந்து நாள் அங்கேயே நின்றது. மூக்கினுள் உள்ள மயிர்கூட விறைத்துக் குத்தும். நாங்கள் ஆலைக்குப் போய்வருவதே பெரும் பாடாக இருந்தது. தோட்டத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை தறி அம்மா வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஒரு கையில் கட்டு, மறுகையில் ஊன்றுகோல். அண்ணன் ரோஜாவைக் காட்டுகிற ஆவலில் ஓடினார். நான் பின்னால் போனேன். தறி அம்மா தோட்டத்து மூலையைப் பார்த்தபடி நின்றார். வெறும் கறுப்பு மண், இரும்புபோல இறுகிக் கிடந்தது. நடுவில் நாலைந்து குச்சிகள்.  அவர் வாசல் வழிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார், இதையும் பார்த்தார், யார் செய்தது என்று புரிந்துகொண்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தகர வாளி ஒன்றை எடுத்து, ஒரே கையால் சாலையோரத்துப் பனியை அள்ளிக்கொண்டு வந்து, அந்தக் குச்சிகளின் தூரில் கொட்டினார். திரும்பிப் போய் இன்னொரு வாளி.

மூன்றாவது வாளியில்தான் எனக்கு உறைத்தது. பனி அந்தச் செடிக்கு மேல் ஏறிய வண்டல் இல்லை, அதற்குப் போர்த்தியிருந்த கம்பளி. அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் வாளியைப் பிடித்தார். தறி அம்மா, “வேண்டாம்” என்றார். ஆங்கிலத்தில்கூட இல்லை, அவர் பாஷையில். கத்தவில்லை. வாளியை விடுவித்துக்கொண்டு தொடர்ந்து நடந்தார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். அவர் ஒற்றைக் கையால் பதினெட்டு வாளி கொட்டினார், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. “அவங்க தறியயும் பிரிக்க வந்தோம். செடியயும் சாவடிச்சோம். இன்னா ஜென்மம் நைனா நாம?” என்றார். நாங்கள் நல்லதுதானே நினைத்தோம் என்று நான் ஏதோ சொல்ல வந்தேன். “நல்லது நெனச்சவன் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்டனே, அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருந்தேன்?” என்றார். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். அவருக்காவது வெள்ளத்தில் பட்ட அனுபவம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

மன்னிப்புக் கேட்டு நான் ஒரு கடிதம் எழுதி அவர் தபால் பெட்டியில் போட்டேன். பதில் இல்லை. தேநீர் இடைவேளையில் தறி அம்மா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி நின்றுபோனது. ஆனால் தறி ஓடும்போது மட்டும் எதுவுமே மாறவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்து நின்று, இந்த இடத்தில் இழை அறும், இப்படிச் சத்தம் கேட்டால் உருளையில் எண்ணெய் குறைந்திருக்கிறது, குளிர்காலத்தில் காற்று காய்ந்திருக்கும் என்பதால் இழுவையை இவ்வளவு தளர்த்த வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அண்ணன் ஒருநாள் நட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே, “கோவத்துலயும் ஒண்ணியும் மறைக்கல பாத்தியா” என்றார். தறி நின்ற கடைசி நாளன்று அந்த அம்மாள் விசையை அணைத்துவிட்டு, சக்கரங்கள் முழுவதும் ஓயும்வரை அதன் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நாங்கள் அதைப் பிரிக்கத் தொடங்கினோம்.

மே முதல் வாரத்தில் பனி உருகி, ஓரங்களில் நீலமும் வெள்ளையுமாகச் சின்னப் பூக்கள் பனியைக் குத்திக்கொண்டே வெளியே வந்தன. துலிப் மூக்குகள் தெரிந்தன. ரோஜா இருந்த மூலையில் மட்டும் எந்த அசைவும் இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள், தறி அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில், அண்ணன் வேலியைத் தாண்டிப் போய்க் குனிந்து ஒரு கொம்பை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், எல்லா ஊரிலும் அதுதான். தவிட்டு நிறம். இன்னும் கீழே சுரண்டினார். அங்கும் தவிட்டு நிறம். தூருக்கு ஒரு விரற்கடை மேலே வந்தபோது கையை எடுத்துக்கொண்டார். “வாணாம் நைனா, போதும்” என்றார். 

தேர்வாய் கண்டிகையில் தறிகளை நிறுவி ஓட்ட ஆறேழு மாதம் ஆனது. முதல் தறி நன்றாக ஓடியது. இரண்டாவது தறியில், துணியின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு விழுந்தது. அண்ணன் இரண்டு முறை பிரித்துப் பூட்டினார். நான் என் குறிப்பேடுகளைப் புரட்டிப் புரட்டிக் களைத்தேன். கடைசியில் நிர்வாகம் தறி அம்மாவையே இரண்டு வாரத்துக்கு வரவழைத்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். ஜனவரியில் வந்து இறங்கினார்.

இரண்டு நாள் தறியை ஓடவிட்டுச் சும்மா சுற்றி வந்தார். மூன்றாம் நாள், சரக்கு ஏற்றும் பெரிய கதவைச் சாத்தச் சொன்னார். கோடு மறைந்தது. அந்தக் கதவு வழியாக வந்த ஈரக்காற்று இடது ஓரத்து இழைகளை மட்டும் ஊதவைத்திருந்தது. தொழிலாளர்கள் கைதட்டினார்கள். அண்ணன் தூரத்தில் நின்று தட்டினார். அந்த மூன்று நாளும் அவருக்கு நாக்கின் நுனியில் ஒரே கேள்விதான் நின்றது. “நீ கேளு நைனா” என்பார். நான் கிளம்பினால், “வாணாம் வாணாம், அப்பால கேக்கலாம்” என்று சட்டையைப் பிடித்து இழுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தறி அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போனோம். அண்ணனின் மனைவி காலையிலேயே இறால் வாங்கி, எனக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் தறி அம்மா தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கனகாம்பரப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்தார். குனிந்து செடிகளின் தூரைத் தொட்டுப் பார்த்தார். எப்போது பூக்கத் தொடங்கும், எப்போது முடியும் என்று கேட்டார். முடியாது, பறிக்கப் பறிக்க வந்துகொண்டே இருக்கும், பெருமழைக் காலத்தில் கொஞ்சம் குறையும் என்று மொழிபெயர்த்தேன். அப்படியானால் இது எப்போது தூங்கும் என்றார்.  அண்ணன் மனைவியைப் பார்த்தார். “எங்க தூங்குது? நம்மளயே தூங்க உடறதில்ல” என்றார் அவர். நான் அதைச் சொன்னதும் தறி அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அண்ணனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். “மேடம்” என்றார். சுவரோரம் ஒரு செடி நிற்பதுபோலக் கையால் காட்டினார். “ரோஸ்... கம்?”

தறி அம்மாவின் சிரிப்பு அடங்கியது. வரவில்லை என்றார். ஜூலைவரை காத்திருந்தேன், பிறகு தோண்டிப் பார்த்தேன், வேர் அழுகிய உருளைக்கிழங்குபோலக் குழைந்திருந்தது. கோடைக்காலம் முழுவதும் உங்கள் இருவர் மேலும் கோபமாக இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தேன், அதற்குப் பிறகும் கோபம்தான். அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் ஒன்றையும் பூசி மெழுகாமல் தமிழில் சொன்னேன். அண்ணன் அசையாமல் கேட்டுக்கொண்டார். அவர் கண்ணில் நீர் கோத்தது. மனைவிக்கு முன்னால், விருந்தாளிக்கு முன்னால், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“பின்ன ஏன் வந்தீங்கன்னு கேளு” என்றார்.

கேட்டேன். தறி அம்மா கனகாம்பரப் பாத்திப் பக்கம் திரும்பினார். தறியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது என்றார். பிறகு, அதே ரோஜாவின் கிளை ஒன்றை அவர் அம்மா எப்போதோ தெற்கே இருக்கிற தங்கைக்குக் கொடுத்திருந்ததையும், அந்தச் செடியிலிருந்து ஒரு பதியன் வாங்கி வந்து அதே மூலையில் வைத்திருப்பதையும் சொன்னார். பிழைத்தால் பூக்க மூன்று வருடம் ஆகும். “ஒவ்வொரு ஜூனிலும் கேளுங்கள்” என்றார், அண்ணனைப் பார்த்து. “இந்த முறை கேட்க மறக்காதீர்கள்.”

அண்ணன் மறக்கவில்லை. நான் அதன் பிறகு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு மாறிவிட்டேன். திருவள்ளூரிலிருந்து ரயிலில் போய்வருகிறேன். வருடத்தில் வேறு எந்த நாள் பேசாவிட்டாலும் ஜூன் பிறந்தால் அவரிடமிருந்து போன் வந்துவிடும். “நைனா, தறி அம்மாவக் கேட்டியா?” முதல் வருடம் பதில் வந்தது: பிழைத்திருக்கிறது, இலை மட்டும். இரண்டாம் வருடம்: முழங்கால் உயரம், இலை மட்டும். தறி அம்மாவுக்கு அந்த ஊரில் வேறு ஆலை வேலை கிடைக்கவில்லை. ஒரு நாற்றங்காலில் பகுதிநேரமாக இருக்கிறார், கையுறை இல்லாமல் வேலை செய்வது பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். மூன்றாம் வருடம் ஏழு மொட்டுகள் என்று படத்தோடு செய்தி வந்தது. அண்ணன் அதைத் தொழிற்சாலை முழுக்கக் காட்டினார். ஐந்தே நாளில் அடுத்த செய்தி. காட்டுப்பக்கமிருந்து வந்த மான் ஒன்று, விடியற்காலையில் ஏழையும் தின்றுவிட்டது.

நேரில் போய்ப் படித்துக் காட்டியபோது அண்ணன் முதலில் தலையில் கைவைத்தார், பிறகு சிரித்துவிட்டார். “நாம பண்ணது போதாதுன்னு மான் வேறயா” என்றார். ஆனால் அவர் மூளை அதற்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அவர்கள் பக்கம் வேர்க்கடலைக் காட்டுக்குக் காட்டுப்பன்றி வராமலிருக்க, வரப்பைச் சுற்றிக் கழி நட்டுப் பழைய புடவைகளைக் கட்டிவிடுவார்கள். காற்றில் அது ஆடுவதைப் பார்த்தால் பன்றிக்குப் பயம். “பன்னி பயந்தா மானு பயப்படாதா? கேட்டுப் பாரேன்” என்றார். கேட்டேன். தெரியவில்லை, என்னிடம் புடவை இல்லை என்று பதில் வந்தது. அண்ணனின் மனைவி பீரோவைத் திறந்து மூன்று பழைய புடவைகளை மடித்துக் கொடுத்தார். நான்தான் பார்சல் செய்தேன். உள்ளே என்ன என்ற கட்டத்தில் ‘பழைய துணி, தோட்டத்துக்கு’ என்று எழுதினேன். தபால் அலுவலகப் பெண்மணி இரண்டு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். வெயில் கொளுத்தியது. பறித்த கனகாம்பரத்தை ஈரத்துணியில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. சுவரோரத்து மூலை. பாத்தியின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் அழுக்குப் பனி. நடுவில் இடுப்புயரத்துக்கு முள்கொம்புகள், அவற்றில் செந்நிறத் துளிர்கள். சுற்றிலும் கழிகளில், கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு சின்னாளப்பட்டிப் புடவை. விடிகாலையில் எடுத்திருக்க வேண்டும். புடவையின் மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

அண்ணன் கைபேசியை வாங்கி, துளிர்களைப் பெரிதாக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்குச் செடி கண்ணில் படவில்லை.

“என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பொடவ” என்றார். படத்தை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தார். “ஏங்க, இது இன்னா இப்படி வெறப்பா நிக்குது? அந்தம்மா கஞ்சி போட்டுக் கட்டிருக்காங்களா?”

“கஞ்சி இல்லடி” என்றார் அண்ணன். “அது பனி.”